வாசலில் செருப்பு

சின்னவள் என் கணவரைக் கன்றுக்குட்டி ஆக்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஹாலின் நடுவில் அவர் நாலு காலில் நின்றார். பேண்ட்டின் பின்னால் செருகிய துண்டு வாலாகத் தொங்கியது. டைல்ஸ் ஒட்டுகிறவர், முழங்காலில் நிற்பது அவருக்குப் பிழைப்பு. வீட்டிலும் அதே வேலையா என்று நான் கிண்டல் செய்ததற்கு, தலையை ஆட்டி 'ம்மா' என்றார்.

எங்கள் சபையில் குடும்ப நேரம் என்று ஒரு ஏற்பாடு உண்டு. வாரம் ஒரு பாடம், பாடத்துக்கு ஒரு விளையாட்டு. கடவுள் எப்படி மன்னிக்கிறார், மன்னித்து எப்படித் திரும்பச் சேர்த்துக்கொள்கிறார் என்று பிள்ளைகளுக்குப் பெற்றவர்களே சொல்லித்தர வேண்டும். போன வாரம் கலங்கல் தண்ணீரை வடிகட்டித் தெளியவைத்தோம். அதற்கு முந்தின வாரம் கழுத்தொடிந்த பொம்மையை ஒட்டினோம். "மனுஷங்க தூக்கிப் போட்டுடுவாங்க. கடவுள் சரி பண்ணி வெச்சுக்குவாரு" என்று அவர் பசைக்கையோடு சொன்னபோது, இந்த மனுஷனுக்குள் இவ்வளவு பேச்சு எங்கே இருந்தது என்று நானே வாயைப் பிளந்தேன்.

இந்த வாரம் நாடகம். பங்கைப் பிரித்து வாங்கிப்போய் ஊதாரித்தனமாக அழித்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பும் இளைய மகன். தூரத்திலேயே அவனைக் கண்டு ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும் அப்பா. விருந்துக்குக் கொழுத்த கன்று. அப்பா வேஷத்தை என் கணவர் தனக்கென்று நினைத்திருந்தார். சின்னவள் விடவில்லை. "நீங்க எப்பவும் அப்பாதானே. இன்னிக்கு நான்" என்றாள். ஆறு வயது, வாய் மட்டும் அறுபது. பெரியவன் இளைய மகனாக வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

"எனக்கு என்னடி வேஷம்?"

"அம்மா."

"இந்தக் கதையில அம்மாவே கிடையாதே."

"இருக்காங்க. டிவியை ஆஃப் பண்ணுவாங்க" என்று ரிமோட்டை என் கையில் வைத்தாள்.

கதவு தட்டப்பட்டது. சின்னவள் ஓடவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி, கதவுத் துளையில் கண்ணை வைத்தாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பி உதட்டில் விரலை வைத்தாள். இன்னொரு கையால் எனக்குச் சைகை காட்டினாள், சீக்கிரம் அணை என்று.

வியாழக்கிழமை அப்படித்தான் நடந்தது. அன்று தட்டியவர் என் கொழுந்தனார். ரெண்டு வருஷத்துக்கு முன் குடித்துவிட்டு எங்கள் பையனைப் பைக்கில் ஏற்றிப்போய் விழுந்தவர். பையனின் வலது முழங்கை இன்றுவரை முழுசாக நீளாது. இனி என் வாசப்படி மிதிக்காதே என்று என் கணவர் அன்றே சொல்லிவிட்டார். பெற்ற வயிறு, நானும் ஒத்து ஊதினேன். அதன்பின் கொழுந்தனார் சிகிச்சைக்குப் போனார், குடியை அடியோடு விட்டுவிட்டார் என்று பலர் சொன்னார்கள். நாங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வியாழக்கிழமை துளையில் பார்த்துவிட்டு என் கணவர் உதட்டில் விரல் வைத்தார். டிவியை அணைக்கும்படி யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் அணைத்தேன். வெளியே "அண்ணே" என்று ஒரு தரம், "அண்ணி" என்று ஒரு தரம் கேட்டது. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சோபாவில் இருந்த சின்னவளுக்கு என்ன புரியப்போகிறது என்று நினைத்தோம். பெரியவன் அப்போது டியூஷனில் இருந்தான். அவனுக்குச் சங்கதியே தெரியாது என்றும் நினைத்தோம்.

"உள்ளதான் இருக்கீங்க" என்றான் பெரியவன் கதவுக்கு வெளியிலிருந்து. "செருப்பெல்லாம் இங்கதான் கிடக்கு."

என் கணவரின் தலை தொங்கிப்போயிற்று.

"அப்படிச் சொல்லணும்னு யாருடா சொல்லிக்கொடுத்தது?" என்றேன். கதவைத் திறக்க வேண்டும் என்று அப்போதும் எனக்குத் தோன்றவில்லை.

"யாரும் இல்ல. அன்னைக்கு நான் வரும்போது சித்தப்பா படியில உக்காந்திருந்தாரு. வீட்ல யாரும் இல்லப்பா, வெளிய போயிருக்காங்க போலன்னாரு. கையை நீட்டச் சொன்னாரு, நீட்டிக் காட்டினேன். நான் செருப்பைப் பாத்தேன். நான் பாத்ததை அவரும் பாத்தாரு. நான் வந்ததை அப்பாகிட்ட சொல்லாதே, சங்கடப்படுவாருன்னு சொன்னாரு."

எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. யாரை வாசலில் நிற்கவைத்தோமோ அவர், எங்கள் பிள்ளை முன்னால் எங்கள் மானம் போகாமல் மூடிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். நாங்கள் உள்ளே உட்கார்ந்து பொம்மைக்குப் பசையும் தண்ணீருக்கு வடிகட்டியுமாகப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறோம். நாடகத்தில் எந்தத் தப்பும் செய்யாதவள் சின்னவள்தான். பார்த்ததை அப்படியே செய்து காட்டினாள்.

"இப்ப அவன் எங்க இருக்கானாம்?" என்றார் என் கணவர், தரையைப் பார்த்தபடி.

"கன்னுக்குட்டி பேசக் கூடாது" என்றாள் சின்னவள்.

"தெருமுனைல, தண்ணி கேன் கடையில. புதுசா வேலைக்குச் சேர்ந்திருக்காராம்" என்றான் பெரியவன்.

அவர் எழுந்தார். நாள் முழுக்க முழங்காலில் நின்றுவிட்டு எழுகிற மனுஷன், அன்று சுவரைப் பிடித்துத்தான் எழ முடிந்தது. சின்னவளை நாற்காலியோடு நகர்த்திவைத்துவிட்டுக் கதவைத் திறந்தார். வெளியே பெரியவன், கதையில் வருகிற மாதிரி அப்பா கட்டிக்கொள்வதற்காக ரெண்டு கையையும் நீட்டி நின்றான். ஒரு கை நேராக இருந்தது. இன்னொன்று முடிந்த மட்டும். அவர் அந்த முழங்கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டார். பிறகு பிள்ளையைத் தாண்டிப் படியிறங்கினார்.

"அப்பா, வாலு" என்று சின்னவள் கூப்பிட்டாள். அவர் காதில் விழவில்லை. படிகளில் காலடி வேகமாகி, கீழே கேட் திறக்கும் சத்தம் கேட்டது.

நான் ரிமோட்டோடு வாசல்வரை வந்து நின்றேன். சிமெண்ட் காய்ந்து வெளுத்த அவருடைய செருப்பு இருந்த இடத்திலேயே கிடந்தது. பக்கத்தில் என்னுடையதும்.