'அண்ட்'டுக்கு முன்னால் ஒரு கமா

செல்வநாயகியும் குணவதியும் ஒரு வாரமாகப் பேசிக்கொள்ளவில்லை. எல்லாம் ஒரு கமாவால் வந்த வினை.

லிட்டில் இந்தியாவில் துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்த கம்ப்யூட்டர் கம்பெனி கிளினிக்குகளுக்காக ஒரு மென்பொருள் செய்திருந்தது. அங்கே வேலை பார்த்த இருவரும் அதன் ஆங்கிலக் கையேட்டை ஆளுக்குப் பாதியாக எழுதினார்கள். பெயர், வயது, முகவரி என்று அடுக்கும்போது கடைசிச் சொல்லுக்கு முன் வரும் 'அண்ட்'டுக்கு (and) முன்னால் செல்வநாயகி கமா போடுவாள். இல்லாவிட்டால் படிப்பவர் குழம்புவார் என்பது அவள் கட்சி. போடாமல் விட்டால்தான் பார்க்க அழகு என்பது குணவதியின் கட்சி.

"ஒரே புக்குல ரெண்டு ஸ்டைலா? திங்கக்கிழமை ஒரே மாதிரி இருக்கணும்லா," என்றார் முதலாளி அப்புத்துரை.

குணவதி வீட்டிலிருந்து கொண்டுவந்து பகிரும் காரமான நெத்திலிச் சம்பல் இல்லாமல் செல்வநாயகிக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை. போய்த் தொலையட்டும் என்று சனிக்கிழமை உட்கார்ந்து, தன் பாதியில் அந்தக் கமாக்களை எல்லாம் அழித்தாள்.

திங்கட்கிழமை அப்புத்துரை இருவரும் கொடுத்த டிஸ்கெட்டுகளைச் சேர்த்து அச்சடித்தார். செல்வநாயகியின் பாதியில் அந்தக் கமா ஒன்றுகூட இல்லை. குணவதியின் பாதியில் ஓரிடம் விடாமல் இருந்தது.

"உங்களுக்காகத்தான்க்கா போட்டேன்," என்றாள் குணவதி.

இருவரும் சிரித்த சிரிப்பில் கீழே துணிக்கடைக்காரர் படியேறி வந்து எட்டிப் பார்த்தார்.

"சிரிச்சது போதும். யாராவது ஒருத்தர் மாத்துங்க," என்றார் அப்புத்துரை.

செல்வநாயகியின் சிரிப்பு சட்டென்று நின்றது. "நான் மாத்த மாட்டேன். கமா இல்லாமதான் பார்க்க அழகா இருக்கு."

"இல்லாட்டி படிக்கிறவங்க குழம்பிடுவாங்கக்கா," என்றாள் குணவதி, சம்பல் டப்பாவைத் திறந்து அவள் பக்கம் தள்ளியபடி.