திருச்சி–கொச்சி: ஒரு மணி நேரம்

காலை ஒன்பது பத்துக்கு சார்லஸின் செல்போனில் அந்தச் செய்தி வந்து விழுந்தது. மாலையில் திருச்சியிலிருந்து துபாய் கிளம்ப வேண்டிய விமானம் ரத்து!

கால் முறிந்து ஊரில் கிடந்ததில் ஆறு மாதம் ஓடிவிட்டது. இன்று இரவு பன்னிரண்டுக்குள் துபாயில் இறங்காவிட்டால் விசா செல்லாது. பதினான்கு வருட வேலையும் அதோடு போகும்.

மச்சினன் அந்தோணிமுத்துவுடன் ஜங்ஷன் ரோட்டில் இருக்கும் நஸீமாவின் டிக்கெட் கடைக்குள் பாய்ந்தான். அவள் கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"எனக்கும் மெசேஜ் வந்துச்சுண்ணே. உக்காருங்க. சென்னை ஃபுல்லு, பெங்களூரு ஃபுல்லு. கொச்சியில அஞ்சரைக்கு ஒரே ஒரு சீட்டு. போட்டுட்டேன்."

"கொச்சியா! அவ்ளோ தூரம்..."

"என்னா தூரம் மச்சான்?" அந்தோணிமுத்து போனை நீட்டினான். "இங்க பாருங்க. திருச்சி டு கொச்சி, விமான தூரம் எரநூத்தி அறுபது கிலோமீட்டரு. பயண நேரம் ஒரு மணி. கெளம்புங்க!"

சார்லஸ் எழுந்தேவிட்டான்.

"உக்காருங்கண்ணே!" நஸீமா அதட்டினாள். "தம்பி, அது ரெண்டு ஊருக்கு நடுவுல கோடு போட்டு, வேகத்தால வகுத்துச் சொல்லுது. ஏர்போர்ட்டே இல்லாத ரெண்டு பட்டிக்காட்டுக்குக் கேட்டாக்கூடச் சொல்லும். ஏறிப் போறதுக்கு ப்ளேன் வேணாமா? திருச்சியில இருந்து கொச்சிக்கு நேரா ஒண்ணும் கெடையாது."

அந்தோணிமுத்துவின் போன் சத்தமில்லாமல் பைக்குள் போனது.

"கார்லயே போயிட்டா?" என்றான் சார்லஸ்.

"எப்படியும் ஏழரை மணி நேரம். கவுன்ட்டரை நாலரைக்கு மூடிடுவாங்க."

அவள் விரல்கள் பறந்தன. சட்டென்று நின்றன.

"சேலம்! ரெண்டு மணிக்குக் கொச்சிக்கு ஒரு சின்ன ப்ளேன், காத்தாடி வச்சது. தெனமும் கெடையாது, இன்னைக்கு உண்டு. சீட்டு போட்டுடறேன். மூணு பத்துக்கு எறக்கிடும். ஆத்தூரு வழியாப் போங்க. சேலம் டவுனுக்குள்ள நொழையாதீங்க, பைபாஸ்ல ஓமலூர் ரோட்டைப் புடிங்க, ஏர்போர்ட்டு அங்கதான். பெட்டி எத்தினி கிலோ?"

"முப்பது."

"அதுல பதினஞ்சுதான் விடுவாங்க."

"மாமியா குடுத்த ஊறுகா..."

"ஊறுகாயா விசாவா, நீங்களே சொல்லுங்க."

"ஊறுகாய நான் பாத்துக்கறேன் மச்சான்," என்றான் அந்தோணிமுத்து, ரொம்பத் தியாகமாக.

ஆத்தூருக்கு முன்னால் கவிழ்ந்த கரும்பு லாரி ஒன்று சாலையை மறித்துக் கிடந்தது. முக்கால் மணி நேரம் கார் நகரவில்லை. சார்லஸ் சிலுவைக்குறி போட்டான். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. நஸீமா!

"எங்கண்ணே நிக்கிறீங்க? ஆத்தூரா? பதறாதீங்க. சேலத்துக்கு வர்ற ப்ளேன் பெங்களூர்லயே அரை மணி லேட்டாத்தான் கெளம்பியிருக்குது. உங்க பேரையும் கவுன்ட்டர்ல சொல்லி வச்சிட்டேன்."

ஒரு சின்னக் கடைக்குள் உட்கார்ந்துகொண்டு ஆகாயத்தையே வேவு பார்க்கிறாளே என்று சார்லஸ் அசந்துபோனான்.

கடைசி ஆளாக ஏறினான். காத்தாடிகள் உறும, மலைகள் காலடியில் நழுவின. கொச்சியில் துபாய் கவுன்ட்டரை அவன் மூச்சிரைக்க எட்டியபோது மணி நாலு பத்து.

துபாய் நேரம் எட்டரைக்கு பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்தது. மனைவிக்குக்கூட அப்புறம்தான். முதல் அழைப்பு நஸீமாவுக்கு.

"ஏம்மா, நீ மட்டும் இல்லைன்னா..."

"அல்ஹம்துலில்லாஹ்! நல்லாருங்கண்ணே. வையுங்க, ஜித்தா போக வேண்டிய ஒருத்தரு லைன்ல நிக்கிறாரு. அவரு ப்ளேனையும் ரத்து பண்ணிட்டாங்களாம்!"