பதினோரு முடிச்சுகள்

பதினோராவது முடிச்சிலும் நூல்வால் வலப்பக்கம்தான் கிடந்தது. தையல்கடைக்காரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து மறுபடி எண்ணினாள். விமானத்தின் இடது இறக்கைக்குப் போர்த்திய துணியின் அடிப்பக்கம், ஒரு முழத்துக்குள் பதினொன்று. அந்த இறக்கைகளின் துணியில் மிச்சமிருந்த நானூற்றுச் சொச்ச முடிச்சுகளுக்கும் வால் இடப்பக்கம். அவள் இடதுகைக்காரி, வேறு மாதிரி முடிய அவளுக்கு வராது.

ஆனாலும் சந்தேகம் முதலில் தன்மேல்தான் வந்தது. அன்றைக்கு அலுப்பில் மறுபக்கம் நின்று தைத்திருப்பேனோ? குனிந்து நூலை மோந்து பார்த்தாள். அவள் நூலுக்குத் தேய்ப்பது தேன்மெழுகு. இதில் மெழுகுவத்தி வாடை அடித்தது.

யாரோ பிரித்திருக்கிறார்கள். பிரித்து, பார்த்தவுடன் தெரியாதபடி தைத்துமிருக்கிறார்கள்.

ஓடுதளத்தை ஒட்டிய அந்தக் கொட்டகைக்கு மூன்றே சாவிகள். ஒன்று அவளிடம். ஒன்று அண்ணனிடம், வயல்களுக்கு மருந்து தெளிக்கும் விமானம் ஓட்டி ஓய்வு பெற்றவர். மூன்றாவது அவருடைய கூட்டாளி லேத்காரரிடம். பழைய இரும்போடு கிடந்த இரண்டு சீட்டுப் பயிற்சி விமானத்தை மூவரும் ஏழு வருடமாக உயிர்ப்பித்திருக்கிறார்கள். பரிசோதகர் வந்து சரியென்று கையெழுத்திட்டுப் போனது போன மாதம். இன்று காலை முதல் பறப்பு.

கொட்டகைக் கதவின் உட்புறம் அண்ணன் பெயிண்டில் எழுதி வைத்த சட்டம் ஒன்று உண்டு: கடைசியாகக் கை வைத்தவர் பின்சீட்டில். துணி தைப்பது அந்தக் கணக்கில் சேராது, இரும்பில் கடைசி வேலை லேத்காரருடையது. இறக்கை ஓரத்தில் ஏறி இறங்கும் பலகையைக் கம்பியோடு சேர்க்கும் போல்ட்டை அவர்தான் கடைந்து மாட்டினார். அது போனால் விமானம் சாய்ந்த பக்கமே சாயும். அந்த போல்ட் இந்தப் பதினோரு முடிச்சுக்கு நேர் மேலே இருக்கிறது. ஆனால் மூன்று நாளாக அவர், "வயிறு சரியில்லம்மா, எனக்குப் பதிலா நீ உக்காரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வயிறு சரியில்லாதவர் காலையில் நாலு வடையை உள்ளே தள்ளியதை அவள் பார்த்திருந்தாள். ஒரு மாதமாக வலது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுக்காமலே பேசுவதையும்.

அண்ணன் வெளியே டின்னில் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தார். அவள் கத்தரிக்கோலை எடுத்தாள்.

"அய்யோ, வெட்டாதம்மா!" லேத்காரர் ஓடி வந்தார்.

"நான் தச்சதை நான் வெட்டறேன். உங்களுக்கென்ன?"

அவர் இடது கையால் அந்த முடிச்சுகளை மறைத்தார்.

"இது நான் தச்சதில்லன்னு உங்களுக்குத் தெரியும், இல்லண்ணே?"

லேத்காரர் வாசலைப் பார்த்தார். "பரிசோதகர் போனப்புறம் பட்டறையில மிச்சக் கம்பியைப் பார்த்தேன். மெது இரும்பு. முதல் போல்ட்டை அதுல கடைஞ்சிருக்கேன். நாப்பது வருஷமா லேத்துல நிக்கறவன் செய்யற வேலையா அது? உங்கண்ணன்கிட்டச் சொன்னா சாகற வரைக்கும் கேலி பண்ணுவான். அதான் நல்ல இரும்புல வேற கடைஞ்சு மாட்டிட்டேன்."

"அப்ப நல்லதாப் போச்சு. பின்சீட்டுல உக்கார என்ன பயம்?"

"ரெண்டாவதைக் கடையும்போது கை லேசா ஆடிச்சு. அளவு சரியாத்தான் இருந்துச்சு. மூணு தடவை அளந்தேன்."

"மூணு தடவையும் ஒரே அளவா?"

அவர் வலது கையைப் பாக்கெட்டுக்குள் இன்னும் ஆழமாகத் திணித்தார்.

டின்னோடு உள்ளே வந்த அண்ணனிடம் அவள் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். முடிச்சு, மெழுகு, போல்ட், அளவு. எதையும் விட்டுவிடவில்லை. அண்ணன் விமானத்துக்குள் கைவிட்டு ஓட்டும் பிடியை ஆட்டினார். இறக்கையோரப் பலகை சமர்த்தாக ஏறி இறங்கியது.

"திருட்டுத்தனமா நல்லது பண்ற ஆளை இன்னிக்குத்தான் பார்க்கறேன்" என்று சிரித்தார். "இவன் அளவு தப்பாது. டேய் லேத்து, ஏறுறியா, இல்ல வயித்து வலியா?"

"அண்ணா, பிரிச்சு ஒரு தடவை பார்த்துடலாம்."

"பிரிச்சா கண்ணுக்கு என்ன தெரியும்? போல்ட் தெரியும். அவன் ஏறினா போதும் எனக்கு."

விமானத்தை வெளியே தள்ளி நிறுத்தியதும், லேத்காரர் அவளைப் பார்க்காமல் பின்சீட்டில் ஏறினார். நம்பிக்கையில் ஏறுகிறாரா, மானத்துக்கு ஏறுகிறாரா என்று அந்த முதுகிலிருந்து அவளால் படிக்க முடியவில்லை.

சக்கரங்களின் தடுப்புக்கட்டையை இழுத்துவிடுவது அவள் வேலை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறக்கை நுனியில் நின்றாள். எஞ்சின் இருமி, புகை கக்கி, பிடித்துக்கொண்டது. அண்ணன் கட்டைவிரலை வெளிப்பக்கம் ஆட்டினார்: இழு.

லேத்காரரின் வலது கை பாக்கெட்டை விட்டு வெளியே வந்து சீட்டின் விளிம்பைப் பிடித்திருந்தது. அது நடுங்கிக்கொண்டிருந்தது. விளிம்பும் நடுங்கியது, இறக்கையும், அவள் தைத்த துணி முழுவதும். எது கையின் நடுக்கம், எது எஞ்சினுடையது என்று அவள் உற்றுப் பார்த்தாள்.

அண்ணன் மறுபடி விரலை ஆட்டினார். அவள் இழுக்காமல், கயிற்றை இடது மணிக்கட்டில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.