கேசட்டில் இருந்த மச்சான்

துபாயிலிருந்து, ரேடியோவும் கேசட் ரெக்கார்டரும் சேர்ந்த டூ-இன்-ஒன் பெட்டி வந்து இறங்கிய நாள் முதல் கௌஸ் மைதீனுக்குக் கருவாட்டு வியாபாரத்தில் மனசு ஒட்டவில்லை. மண்டியில் உட்கார்ந்து எடை போடும்போதுகூடக் கால் தாளம் போட்டது. தட்டு நேராக நிற்காமல் ஆட, வாங்க வந்தவர்கள் அவனைச் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

டூ-இன்-ஒன் அவனுடையது அல்ல. அவனுடைய அக்கா மஸூதாவுக்கு, அவளுடைய வீட்டுக்காரர் அப்துல் ஹை அனுப்பியது. துபாயில் ஒரு கட்டடக் கம்பெனியில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்த அப்துல் ஹைக்குக் கடிதம் எழுதுவதென்றால் கை வலிக்கும். பேசி அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தார். அந்த எண்பத்து மூன்றாம் வருஷத்தில் பழவேற்காட்டில் பல வீடுகளில் கணவன்மார்கள் கேசட்டுக்குள்தான் இருந்தார்கள்.

பெட்டியோடு, கடைக்காரன் இலவசமாகக் கொடுத்த ஒரு கேசட்டும் வந்திருந்தது. அதில் மின்சாரக் கிடாரும் டிரம்முமாக வெள்ளைக்காரர்கள் கூரை பெயர்கிற மாதிரி கத்தினார்கள். பாட்டுகள் பத்துப் பதினைந்து வருஷம் பழையவை என்று அட்டையில் போட்டிருந்தது. பழவேற்காட்டுக்கு அவை புத்தம் புதுசு. மஸூதா அரை நிமிஷம் கேட்டுவிட்டு, "இன்னாடா இது, யாரோ அடி வாங்கறாங்க" என்று தம்பியிடம் கொடுத்துவிட்டாள். கௌஸ் அன்றைக்கே செங்கல்வராயனைத் தேடி ஓடினான்.

செங்கல்வராயன் ஏரிக்கரைக் குப்பத்துக்காரன். பொன்னேரி காலேஜில் கௌஸோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே பாடத்தில் தோற்றவன். இப்போது தன் நைனாவின் படகில் மீன் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தான். அவனிடம் மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய கிடார் ஒன்று இருந்தது. அறுந்துபோன இரண்டு கம்பிக்குப் பதிலாக, வலை பின்னுகிற தங்கூசி நரம்பை இழுத்துக் கட்டியிருந்தான். அந்த இரண்டு மட்டும் மற்ற நாலோடு சேராமல் கும்மென்று ஒலிக்கும். "அதான் பேஸு" என்பான்.

இரண்டு பேருக்கும் ஒரே ஆசை. டிரம்மும் மின்சாரமும் இல்லாமல், வெறும் கிடாரை வைத்து அந்தப் பாட்டுகளைத் தாங்களே பாட வேண்டும். பாடியதை அந்தப் பெட்டிக்குள்ளிருந்தே கேட்க வேண்டும். அதில் ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, ஓட்டி ஓட்டி நிறுத்தி, காதில் விழுந்ததைத் தமிழில் எழுதிக்கொண்டார்கள். பாதி வரிகள் எழுத்தில் அகப்படவில்லை. 'பேபி' என்ற சொல் மட்டும் தெளிவாக அகப்பட்டது.

"பேபின்னா கொழந்ததானே?" என்றான் செங்கல்வராயன்.

"ஆமா."

"அப்ப இன்னாத்துக்கு இவ்ளோ வாட்டி கூப்புடறான்? காணாம பூட்ச்சா?"

கௌஸ் மறுபடி ஓட்டிக் கேட்டான். பாடுகிறவன் உயிர் போகிற மாதிரி கூப்பிட்டுக்கொண்டிருந்தான். "காணாமதான் பூட்டிருக்கணும். இல்லன்னா இப்டிக் கத்த மாட்டான்."

அந்த அர்த்தம் செங்கல்வராயன் நெஞ்சில் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பாட்டை அவன் சாதாரணமாகப் பாடவே இல்லை. திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தவன் போலக் கண் கலங்கித்தான் பாடினான்.

பாட்டு தயாராகிவிட்டது; பதிவு செய்யத்தான் இடம் கிடைக்கவில்லை. கௌஸ் வீட்டில் பாடினால் அவன் அம்மா கைருன் பீவி, "பால்காரன் வந்துட்டானா பாரு" என்று நடுவில் குரல் கொடுப்பாள். குப்பத்தில் கோழிகள். கடற்கரையில் காற்று மைக்குக்குள் புகுந்து இரைந்தது. கடைசியில் செங்கல்வராயன்தான் சொன்னான்: "ஏரி நடுவுல போய்ட்டா ஒரு சத்தம் இருக்காது."

வெள்ளிக்கிழமை மண்டிக்கு விடுமுறை. காலையிலேயே கௌஸ் புதுக் காலி கேசட் ஒன்றை டூ-இன்-ஒன்னுக்குள் போட்டு வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். வந்ததும், அக்கா அடுப்படியில் இருப்பதைப் பார்த்து, "பேட்டரி மாத்திக்கினு வரேன்" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு, பெட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பினான்.

படகை மூங்கில் கழியால் தள்ளிக்கொண்டு கரை சின்னதாகத் தெரிகிற தூரத்துக்குப் போனார்கள். உண்மையிலேயே சத்தம் இல்லை. பெட்டியைப் பலகைமேல் வைத்து, சிவப்புப் பொத்தானை அமுக்கினார்கள். செங்கல்வராயன் தங்கூசியை மீட்டினான். கௌஸ் காலி மண்ணெண்ணெய் டின்னில் தாளம் தட்டினான். பாட்டு நன்றாகத்தான் போனது. குழந்தையைக் கூப்பிடுகிற இடம் வந்ததும் செங்கல்வராயன் தன்னை மறந்தான். குரல் உடைந்தது. கண்ணிலிருந்து நிஜமாகவே தண்ணீர் வந்தது.

கொஞ்ச தூரத்தில் குப்பத்துக் காசியம்மாள் இடுப்பளவு தண்ணீரில் நின்று, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்ததைப் போட ஓலைக் கூடை மாதிரியான பறி ஒன்றின் கயிற்றைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டிருந்தாள். அதனால் அலறல் காதில் விழுந்ததும் வாயைத் திறந்து விசாரிக்க முடியவில்லை. வேகமாகத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு படகை நெருங்கி, பறியை வாயிலிருந்து எடுத்ததும் கேட்டாள்:

"இன்னாடா ஆச்சு? எந்த வூட்ல எழவு?"

செங்கல்வராயன் பாட்டை நிறுத்தினான். "எழவு இல்ல, அத்த. இங்கிலீஷ் பாட்டு."

"பாட்டா? நான் உங்க நைனாவுக்குத்தான் இன்னாவோ ஏதோன்னு பதறிட்டேன். பயமுறுத்தறதுக்குன்னே ஏரிக்கு நடுவுல வருவீங்களாடா? கீழ நண்டு கூட ஓடிப்போச்சு!"

அவள் திட்டி முடித்துப் போகும்வரை பெட்டி ஓடிக்கொண்டே இருந்தது. கௌஸ் நிறுத்தி, பின்னால் சுற்றி, போட்டுக் கேட்டான். முதல் தடவையாகத் தங்கள் குரலை இடைஞ்சல் இல்லாமல் கேட்டதில் இருவருக்கும் புல்லரித்தது. காசியம்மாள் திட்டுகிற இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் குரல் முடிந்தது. டக்கென்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு வேறொரு குரல் பேசியது.

"க்ஹும். மேக்கால செவுத்துல வெடிப்பு வுட்டிருந்தா சிமெண்டு பூசச் சொல்லு. வேற ஒண்ணும் விசேஷம் இல்ல. க்ஹும். அஸ்ஸலாமு அலைக்கும்."

கௌஸ் சட்டென்று பெட்டியை நிறுத்தினான். "மச்சான்டா" என்றான்.

நடந்தது அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. துபாயிலிருந்து வந்த ஒருவர் முந்தின நாள்தான் மச்சானுடைய புதுக் கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். வீட்டில் ஆள் இருந்ததால் அக்கா அதை இன்னும் கேட்கவில்லை. சாயங்காலம் அம்மா காட்டூருக்கு ஒரு விசேஷத்துக்குப் போவாள், அப்போது கதவைச் சாத்திக்கொண்டு கேட்கலாம் என்று காத்திருந்தாள். அவன் குளித்த நேரத்தில் காலி கேசட்டை எடுத்துவிட்டு, தன் கேசட்டை உள்ளே தயாராகப் போட்டு வைத்திருக்கிறாள்.

"அழிஞ்சது வருமா?" என்றான் செங்கல்வராயன்.

"வராது."

"உங்க அக்கா இன்னா செய்வாங்க?"

"கெஞ்சினாக்கூட இந்தப் பெட்டிய இனிமே தொட வுட மாட்டா. அப்புறம் அழுவா. அவ அழுதா என்னால தாங்க முடியாதுடா."

செங்கல்வராயன் தொண்டையைச் செருமினான். "க்ஹும். மஸூதா" என்றான், அப்துல் ஹையின் அதே மூக்குக் குரலில்.

கௌஸ் நிமிர்ந்தான். வெள்ளைக்காரன் குரலை ஒரு வாரத்தில் பிடித்தவனுக்கு மச்சான் குரல் எம்மாத்திரம்!

செங்கல்வராயன் வீட்டு வலைக் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்தார்கள். குரல் கிடைத்துவிட்டது, என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை. இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. புருஷன் பெண்டாட்டியிடம் தனியாக என்ன பேசுவான் என்பதை அவர்கள் சினிமாக் கொட்டகையில்தான் பார்த்திருந்தார்கள்.

"சாப்ட்டியான்னு கேளு" என்றான் கௌஸ். "தலவலி எப்டி கீதுன்னு கேளு. அக்காவுக்கு அடிக்கடி வரும்."

"தங்கமேன்னு கூப்புடட்டா?"

"கூப்புடு. நல்லா இருக்கும்."

கேசட்டை முதலுக்குச் சுற்றிப் பதிவை ஆரம்பித்தார்கள். செங்கல்வராயன் உருகினான். நீ இல்லாத சோறு தொண்டையில் இறங்கவில்லை என்றான். பாலைவனத்தில் நிலாவைப் பார்த்தால் உன் முகம் தெரிகிறது என்றான். கௌஸுக்கே கண் கலங்கியது. பேட்டரி தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் போட்டுக்கூடப் பார்க்காமல், பின்னால் சுற்றி, பெட்டியைக் கொண்டுபோய் இருந்த இடத்தில் வைத்துவிட்டார்கள்.

சாயங்காலம் கைருன் பீவி காட்டூருக்குப் போனாள். மஸூதா பெட்டியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நண்பர்கள் இருவரும் முற்றத்தில் கிணற்றடியில் உட்கார்ந்து, கிடாரைத் துடைப்பதுபோல் பாவனை செய்தார்கள்.

உள்ளே கொஞ்ச நேரம் முணுமுணுப்பாகக் குரல் கேட்டது. பிறகு, சுவரைத் தாண்டித் தெளிவாக ஒரு அலறல் வந்தது. குழந்தையைக் கூப்பிடுகிற அலறல்.

செங்கல்வராயன் கௌஸைப் பார்த்தான். "நாம பேசினது பாட்டவிடச் சின்னதுடா."

"எந்த வூட்ல எழவு?" என்றது காசியம்மாளின் குரல், அறைக்குள்ளிருந்து. நண்டு ஓடியது. டக்கென்றது. மேற்குச் சுவரில் சிமெண்டு பூசச் சொன்னார் அப்துல் ஹை. பிறகு சத்தமே இல்லை.

கதவு திறந்தது. மஸூதா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அழுகிறாள் என்று கௌஸ் எழுந்து நின்றான். அருகில் வந்ததும்தான் தெரிந்தது, அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"யாருடா பேசினது?"

செங்கல்வராயன் மெல்லக் கையைத் தூக்கினான். "நான்தான்க்கா."

"பாட்டு வர்றதுக்கு முன்னாலயே தெரிஞ்சு போச்சு. ஆரம்பிக்கும்போதே வ அலைக்கும் ஸலாம்னு சொல்ற. யாருப்பா உனக்கு ஸலாம் சொன்னது, நீ பதில் சொல்றதுக்கு? அப்புறம் தங்கமேங்கற. எங்கூட்டுக்காரர் வாயில தங்கம்னு வந்தா, பவுன் இன்னா வெலன்னு கேக்கறதுக்குத்தான். கடைசில சிமெண்டுன்னு சொன்னாரு பாரு, அதான் அவரு."

"மன்னிச்சுக்கக்கா. தெரியாம அழிச்சுட்டோம்" என்றான் கௌஸ்.

"அழிஞ்சதுல இன்னா இருந்திருக்கும்? கெழக்குச் செவுரு, வடக்குச் செவுரு." மஸூதா கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்தாள். சிரிப்பு அடங்கிவிட்டிருந்தது. "ஆனா ஒண்ணு. தலவலி எப்டி கீதுன்னு கேட்டியே, தம்பி. பொய்யின்னு தெரிஞ்சும் அந்த எடத்த மட்டும் இன்னொரு வாட்டி சுத்திக் கேட்டேன்."

"இப்ப எப்டிக்கா கீது, தலவலி?" என்று செங்கல்வராயன் தன் சொந்தக் குரலிலேயே கேட்டான்.

"இப்ப சிரிச்சதுல ஜாஸ்தியாயிடுச்சு" என்றாள் அவள். எழுந்து உள்ளே போனவள் பெட்டியோடு திரும்பி வந்தாள். அந்தக் கேசட்டை அடுத்த பக்கம் திருப்பிப் போட்டுச் சிவப்புப் பொத்தானை அமுக்கி, தம்பியின் எதிரிலேயே பேசினாள்: "இங்க பாருங்க, அந்தப் பக்கத்துல ரெண்டு பேரு பேசறாங்க. ஒருத்தர் நீங்க இல்ல, ஒருத்தர் நீங்க. நடுவுல வர்றது காணாம போன கொழந்தையத் தேடற பாட்டாம், கௌஸ் சொல்றான். நல்லாக் கேட்டுட்டு, அந்த மொதல்ல பேசறவர் மாதிரி ஒரே ஒரு வாட்டி பேசி அனுப்புங்க. செவுத்துக்குப் பூசியாச்சு."

கேசட் துபாய்க்குப் போய்விட்டது. பதில் வரும்வரை கௌஸுக்குச் சோறு இறங்கவில்லை. மச்சான் ஊருக்கு வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று யோசித்து வைத்துக்கொண்டான். செங்கல்வராயன் ஆரம்பாக்கத்துப் பக்கம் மீன் பிடிக்கப் போவதாகச் சொல்லி நாலைந்து நாள் ஊரில் தலைகாட்டவில்லை.

நோன்பு தொடங்குவதற்கு முன் பதில் வந்தது. மஸூதா இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்துத்தான் போட்டாள்.

"க்ஹும். அஸ்ஸலாமு அலைக்கும். மஸூதா." நீண்ட இடைவெளி. ஏதோ மின்விசிறி ஓடுகிற சத்தம். பின்னால் யாரோ, "சொல்லுங்க பாய், சொல்லுங்க" என்று தூண்டினார்கள். "க்ஹும். தலவலி... எப்டி கீது?"

அறைக்குள் ஏழெட்டுப் பேர் கை தட்டுகிற சத்தம். அப்துல் ஹை அவர்களை அதட்டிவிட்டுத் தொடர்ந்தார்.

"ராவுல மாத்திர போட்டுக்கோ. வெயில்ல நிக்காத. இன்னும் நெறையச் சொல்லணும்னு இருந்தேன், இவங்க முன்னால வரமாட்டேங்குது. அப்புறமா தனியாப் பேசறேன். கௌஸ், அந்தப் பாட்ட ரூம்ல எல்லாரும் கேட்டோம். இங்க இங்கிலீஷ் தெரிஞ்சவர் ஒருத்தர் கீறாரு. அது கொழந்த காணாம போன பாட்டு இல்லியாம். பொண்ணு ஒருத்தி வுட்டுட்டுப் போய்ட்டா, அவளக் கூப்புடறதாம். ஆனாலும் அந்தப் பையன் அழுதது நெசமா இருந்துச்சு. ரெண்டு பேருக்குப் புள்ளைங்க நெனப்பு வந்து சாப்புடாம படுத்துட்டாங்க. அந்த அம்மா திட்டினப்பதான் எழுந்து சிரிச்சாங்க."

செங்கல்வராயன் வாயைப் பிளந்தான். "பொண்ணா? அப்ப நான் தப்பாவா அழுதேன்?"

"அழுதது அழுதுட்ட, வுடு" என்றான் கௌஸ்.

மஸூதா பொத்தானை அமுக்கி நிறுத்தினாள். "மீதி எனக்கு" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

பெட்டி இல்லை, ஆனால் இருவருக்கும் சும்மா இருக்க முடியவில்லை. கிணற்றடியில் உட்கார்ந்து, அந்தப் பாட்டை இந்தத் தடவை விட்டுப்போன பெண்ணுக்காகப் பாடிப் பார்த்தார்கள். செங்கல்வராயனுக்கு அழுகை வரவில்லை. அவனை விட்டுப்போக இதுவரை ஒரு பெண்ணும் வந்ததில்லை. "கொழந்தையே இருக்கட்டும்டா" என்று சொல்லிவிட்டு, மறுபடி முதலிலிருந்து குரலை எடுத்தான்.

உள்ளேயிருந்து கதவைத் தட்டினாள் மஸூதா.

"மெதுவாக் கத்துங்கடா! அவரு இன்னாவோ சொல்றாரு, எனக்குக் கேக்கல!"