கண்ணாடிக்கடைக்காரன் மகள்

நர்ஸ் என் தம்பி மகளின் தலையில் ஒரு பக்கத்தை மட்டும் மழித்துக்கொண்டிருந்தார். "கூசுது அத்தை" என்று என்னிடம் சிரிக்கப் பார்த்த பிள்ளை, வலி தாங்காமல் பாதியிலேயே நிறுத்திக்கொண்டது. ஏழு வயது. வீட்டில் அவளுக்கு வாண்டு என்று பெயர். மூளையில் நீர் கோத்து மண்டைக்குள் அழுத்தம் ஏறிவிட்டது, தலையிலிருந்து தோலுக்கடியிலேயே வயிறு வரைக்கும் குழாய் வைத்து அந்த நீரை இறக்க வேண்டும், இன்றைக்கே ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஊரெல்லாம் வாய் கிழியப் பேசுகிற என் தம்பி, அவளுடைய ரிப்பனைக் கையில் சுருட்டிக்கொண்டு ஊமை மாதிரி நின்றான். அவனைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவன் கண்ணாடிக்கடை வைத்திருக்கிறான். லென்ஸ் வெட்டுவான், ஃப்ரேம் மாட்டுவான், சுவரில் எழுத்து அட்டையைத் தொங்கவிட்டுக் கண் பரிசோதனையும் செய்வான். அதற்கு ஏதோ கோர்ஸும் படித்திருக்கிறான், இல்லை என்று சொல்லவில்லை. வருகிறவர்கள் வாய்க்கு வாய் டாக்டர் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவனும் அதை நம்ப ஆரம்பித்துவிட்டான்.

வாண்டுக்குக் காலையில் எழுந்ததும் தலைவலி வரும். வாந்தி எடுத்தால் கொஞ்சம் அடங்கும். வெயில் ஏறியதும் ஓடியாடி விளையாடுவாள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடத்தான் இந்த நாடகம் என்று இவன் முடிவு கட்டிவிட்டான். பிள்ளையைப் பெற்றவள் மனசு கேட்காமல், ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்றிருக்கிறாள். அப்போ நான் எதுக்கு இருக்கேன் என்று எகிறியிருக்கிறான். கடைக்குக் கூட்டிப்போய், உயரமான நாற்காலியில் உட்காரவைத்து, அட்டையைப் படிக்கச் சொன்னான். கடைசி வரியின் பொடி எழுத்து வரைக்கும் பிள்ளை கடகடவென்று சொல்லிவிட்டது. ஒவ்வொரு தடவையும் அப்படியேதான். கண் முத்து மாதிரி இருக்கிறது, தலைவலியாவது மண்ணாங்கட்டியாவது என்று முதுகில் இரண்டு சாத்து சாத்திப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினான்.

நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, குடிக்கத் தண்ணீர் கேட்டேன். வாண்டு தம்ளருக்குப் பக்கத்தில் தரையில் ஊற்றினாள். நிமிர்ந்து பார்த்தால் ஒரு கண் மூக்குப் பக்கமாக ஒதுங்கிக் கிடக்கிறது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தம்பியிடம் கேட்கவே இல்லை. தாயையும் மகளையும் வண்டியில் ஏற்றி இங்கே கொண்டுவந்துவிட்டேன். பின்னாலேயே ஓடிவந்தவன் டாக்டரிடமே அளக்க ஆரம்பித்தான். தானே எத்தனையோ தடவை டெஸ்ட் பண்ணிவிட்டதாகவும் கடைசி வரி வரைக்கும் படிக்கிறாள் என்றும் சொன்னான். டாக்டர் தன் அறைச் சுவரில் இருந்த அட்டையைக் காட்டி அவளைப் படிக்கச் சொன்னார். முதல் வரியிலேயே பிள்ளை விழித்தது.

"இது வேற சார். அப்பா கடையில இருக்கறதுன்னா எனக்குத் தெரியும்."

தவழ்ந்த நாளிலிருந்து அந்தக் கடையில் வளர்ந்தவள். எழுத்துக் கற்றுக்கொண்டதே அந்த அட்டையில்தான். மூன்று வயதில் கண்ணை மூடிக்கொண்டு மேலிருந்து கீழ் வரைக்கும் ஒப்பிப்பாள். வருகிறவர்கள் முன்னால் அவளை நிறுத்தி, ஒப்பிக்கச் சொல்லி, கைதட்டல் வாங்கியவனே இவன்தான். எப்படியடா மறந்தாய், பாவி?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உயிருக்கு ஆபத்தில்லை, தலைவலியும் போய்விடும் என்றார் டாக்டர். ஆனால் கண்ணுக்குப் பின்னால் இருக்கிற நரம்பு ரொம்ப நாளாக வீங்கிக் கிடந்திருக்கிறது, அழுத்தம் குறைந்த பிறகும் சில குழந்தைகளுக்குப் பார்வை இறங்கிக்கொண்டே போகும், இப்போதைக்கு எதையும் சொல்வதற்கில்லை, கொஞ்சம் முன்னாடியே கொண்டுவந்திருக்கலாம் என்றும் சொன்னார். அன்றோடு தம்பி பொண்டாட்டி அவன் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

"அவரத் திட்டக்கூட தோணல அண்ணி," என்றாள் என்னிடம். "பிள்ளைக்குக் கண்ணு தெரியட்டும். தெரிஞ்சுதுன்னா பேசறேன்."

வாண்டுக்கு வாந்தி நின்றது. எழுந்து உட்கார்ந்து தொணதொணக்க ஆரம்பித்தாள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள், உயிர் பிழைத்ததே அது போதாதா என்று ஆறுதல் சொன்னார்கள். உங்க பிள்ளையா இருந்தா போதுமா என்று கேட்டு நான் எல்லோரிடமும் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டேன்.

தலைக்கட்டைப் பிரித்த மறுநாள் காலை தம்பி வந்தான். வார்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு வந்ததால் காலடிச் சத்தம் கேட்கவில்லை. கட்டிலின் கால்மாட்டில், ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி நின்றான். வாண்டு அவனையே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சிரித்தான். கையைத் தூக்கி ஆட்டினான்.

"அம்மா, அப்பா இன்னும் வரலையா?"

தம்பி பொண்டாட்டியின் நகம் என் மணிக்கட்டில் பதிந்தது. நாங்கள் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. அவன் தூக்கிய கையை இறக்கி, திரும்பாமலே, ஓசைப்படாமல் ஒவ்வொரு அடியாகப் பின்னால் வைத்து வாசல் வரைக்கும் போனான். அங்கே நின்று, அப்போதுதான் வருகிறவன் மாதிரித் தொண்டையைக் கனைத்தான்.

"அப்பா வந்தாச்சு" என்று முகமெல்லாம் சிரிப்பாக வாண்டு இரண்டு கையையும் நீட்டினாள். அவன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான். நீட்டிய கையை அவள் மடக்கவில்லை.