தோளுக்குக் காலில் ஊசி

கஸ்பாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலடிப்பேட்டையில் ரூஹியின் அக்குபங்சர் அறையில் நாற்காலி நுனியில் தொற்றிக்கொண்டு கடிகாரத்தையே பார்த்தான். மத்தியான ஷிப்டுக்கு லூர்து துறைமுக வாசலில் காத்திருப்பான். இருவரும் ஜோடி. கண்டெய்னரை இறுக்கும் நீளக் கம்பியைக் கஸ்பார் தலைக்குமேல் தூக்கி மாட்டுவான். கீழே நின்று லூர்து முறுக்குவான். இப்போது வலது தோள் இறுகிப்போய்க் கை மார்புக்கு மேல் ஏறுவதில்லை. வேலை போய்விடும் என்று லூர்துவிடம்கூட அவன் மூச்சுவிடவில்லை. நேற்று கம்பி நழுவி லூர்துவின் காலடியில் விழுந்தபோது, கிரீஸ் வழுக்கியது என்று சமாளித்தான்.

ரூஹி அவனை இடது கால் பேண்ட்டைச் சுருட்டச் சொன்னாள். வலி வலது தோளில் என்றான். தெரியும் என்றாள். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, எலும்பிலிருந்து ஒரு விரல் தள்ளி ஒரு புள்ளி. சீன வைத்தியத்தில் தோளுக்கு அங்கேதான் குத்துவார்களாம். ஊசி நிற்கும்போதே கையைத் தூக்க வேண்டுமாம்.

“தோளுக்குக் கால்ல குத்துறே. வாய் வலிச்சா இன்னா, பக்கத்து வூட்டுக்காரிய குத்துவியா?” என்றாள் கூட வந்திருந்த அவன் மனைவி மெர்லின்.

“வாய் ஓயறதுக்கும் ஒரு எடம் கீதுக்கா” என்றாள் ரூஹி.

ஊசி இறங்கியது. பயத்தில் கஸ்பார் சிலுவை போட்டான். விரல் நெற்றியைத் தொட்டுவிட்டது. கை ஏறிவிட்டது, ஊசியை எடு, கிளம்பணும் என்று எழப் பார்த்தான்.

மெர்லின் ஏமாறவில்லை. கோயிலில் தினம் பக்கத்தில் நின்று அவன் சிலுவை போடுவதைப் பார்ப்பவள் அவள்.

“கை மேல போவல. தல கீழ வந்துச்சு.”

அவன் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, இப்போது போடு என்றாள். கை மார்பைத் தாண்டியது. தோள் சுண்டி இழுத்தது. முகவாயைப் பிடித்திருந்த அவள் விரலில் இடித்துக் கை நின்றது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும், நிறுத்தாதீங்க என்றாள் ரூஹி. இன்று கம்பியைத் தொடக்கூடாது என்றும் சொன்னாள்.

போன் அடித்தது. லூர்து. கஸ்பார் இடது கையால் எடுத்தான். பஸ் கிடைக்கவில்லை என்ற பொய் நாக்கு நுனிவரை வந்தது. மெர்லின் முகவாயை விடவில்லை.

“மாமு, என் கை ஏறல. நேத்து கம்பில கிரீஸ் இல்ல.”

லாரிச் சத்தத்தை மீறி, இப்போது எங்கே இருக்கிறாய் என்று கேட்டான் லூர்து.

“தோளுக்கு வைத்தியம். கால்ல ஊசி குத்திகினு குந்திகினு கீறேன்.”

“அந்தக் கம்பி எம் மண்டைல வுழுந்திருந்தா, எனக்கு எங்கடா குத்தியிருப்பாங்க?”

கஸ்பார் போனைக் காதிலிருந்து எடுக்காமல், வலது கையை மறுபடி தூக்கத் தொடங்கினான்.