பீலி எந்தப் பக்கம் சாய வேண்டும்?

ஹட்டனிலிருந்து பஸ் ஏறி, இறங்கி, அப்புறம் அரை மணி நேரம் நடந்தால் வரும் அந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பதினொரு வீடு. மேல் கோடியில் ஒரு தொழிற்சங்கத் தலைவர் தம்பிஐயா, கீழ்க் கோடியில் எதிர்ச் சங்கத் தலைவர் கஜேந்திரன். சரியாக நடுவில் ஆறாம் வீட்டு ஊர்மிளா, எந்தச் சங்கத்திலும் இல்லாதவள்.

போன வருஷ வெயிலில் அவளுடைய தோட்டத்துப் போஞ்சி அவரைக் கொடி முழுக்கக் கருகிப்போனது. கொழுந்து பறித்துவிட்டு வந்து, ஓடையிலிருந்து குடம் குடமாகச் சுமந்தும் பிழைக்கவில்லை. அன்றைக்கு அவள் அழுத அழுகைக்கு எந்தத் தலைவரும் வரவில்லை. அதனால்தான் கூரைத் தண்ணீரைச் சேர்க்கும் திட்டம் வருகிறது என்றதும் முதல் ஆளாகக் கொத்திப் புதுப் பாத்தி போட்டாள்.

திட்டம் லேசானதுதான். லயத்துக் கூரை ஓரமாக நீளத்துக்கு மழைத் தண்ணீரை ஏந்தி ஓடவிடும் ஒரு தகரப் பீலி, அது சாயும் கோடியில் ஒரு பெரிய தொட்டி. எல்லா வீட்டுத் தோட்டத்துக்கும் அதிலிருந்து தண்ணீர். ஆனால் எந்தக் கோடி?

"எங்க பக்கந்தான் சாயணும். கீழ சாஞ்சா எங்க ஆளுங்க மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?" என்றார் தம்பிஐயா.

"தண்ணி மேல ஏறுமாய்யா? பள்ளத்துலதான ஓடும்!" என்று கஜேந்திரன் குதித்தார். பள்ளம் என்னவோ அவர் வீட்டுப் பக்கம்தான். நியாயம் தற்செயலாகத் தன் பக்கம் இருந்துவிட்டால் மனுஷனுக்கு எவ்வளவு சத்தம் வருகிறது!

மூன்று கூட்டம் நடந்தது. கடைசியில் திட்ட அதிகாரி ஜெயதீபனுக்குப் பொறுமை போய்விட்டது. யாழ்ப்பாணத்துக்காரர், லீவுக்கு ஊருக்குப் போகிற அவசரம் வேறு.

"ரெண்டு பக்கத்தையும் ஒரே உயரத்தில வைப்பம். ஆருக்கும் மனக்குறை இராது" என்றார்.

இரண்டு பக்கமும் கைதட்டினார்கள். பீலி மட்டமாக ஏறியது. தொட்டியை எங்கே வைப்பது என்று முடிவாகாததால் அது முற்றத்தில் கவிழ்ந்து கிடந்தது. கோழிகள் அதன்மேல் ஏறி உட்கார்ந்தன.

முதல் மழைக்கே பாரம் தாங்காமல் பீலி நடுவில் தொய்ந்தது. மூட்டு விட்டு, பதினொரு வீட்டுத் தண்ணீரும் ஊர்மிளாவின் பாத்தியில் கொட்டியது. மண்ணோடு பாதி நாற்று போய்விட்டது. அவள் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஒரு நீலப் பீப்பாயை உருட்டி வந்து அந்த இடத்தில் நிமிர்த்தினாள்.

அப்புறம் பாருங்கள், ஒரு மழை அவளுக்குப் பத்து நாளைக்குக் காணும். கேட்டவர்களுக்கும் ஒரு வாளி கொடுத்தாள். மறுபடி நட்ட போஞ்சி கம்பைச் சுற்றி ஏறிப் பூவெடுத்தது.

இது பொறுக்குமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு தலைவர்களும் சேர்ந்தே வந்தார்கள். பீப்பாயை உடனே அகற்றும்படி கடிதம், அதில் இரண்டு சங்கத்து முத்திரையும். சம்பளப் போராட்டத்துக்குக்கூட அந்த இரண்டு முத்திரையும் ஒரே தாளில் விழுந்ததில்லை.

"பொதுத் தண்ணிய ஒரு வீடு பிடிக்கக் கூடாதும்மா" என்றார் கஜேந்திரன்.

"தலைவர் சொல்றது ரொம்பச் சரி" என்றார் தம்பிஐயா.

பீப்பாய் போனால் இந்த வருஷமும் போஞ்சி போச்சு. ஆனாலும் குரலைத் தாழ்த்தி, "எடுத்துடுறேங்க. தண்ணிய எந்தப் பக்கம் திருப்பணும்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க" என்றாள்.

இரண்டு தலைவர்களின் கையும் ஒரே நேரத்தில் நீண்டன. ஒன்று மேலே, ஒன்று கீழே.

அவ்வளவுதான். கடிதம் யார் கையில் கிழிந்தது என்று தெரியவில்லை. மழை பிடித்துக்கொண்டதும் இருவரும் அவள் வாசலில் ஒதுங்கினார்கள், சண்டையை மட்டும் நிறுத்தவில்லை. பீப்பாய் நிறைந்துகொண்டிருந்தது.

காய் பறிக்க இன்னும் மூன்று வாரம். அதுவரைக்கும் இந்த இரண்டு பேரும் சமாதானமாகிவிடக் கூடாது என்று ஊர்மிளா மாரியம்மனுக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டாள்.